லஞ்சம் போனது, மொழி நின்றது: ஜார்ஜியாவின் 2005 பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு

2005 ஜூலை. காகசஸ் வட்டார நாடான ஜார்ஜியாவின் தேர்வு மையங்களுக்கு வெளியே பெற்றோர் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். எதிரே டி.வி. திரைகள். உள்ளே தேர்வு எழுதும் பிள்ளைகளைக் காமிரா நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. யாரும் யாருக்கும் சீட்டு நீட்டவில்லை, எந்தப் பேராசிரியரும் எந்த மேசை அருகிலும் குனியவில்லை என்பதைப் பெற்றோர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று அரசு செய்த ஏற்பாடு அது. தலைமுறை தலைமுறையாகப் பணமும் சிபாரிசும் திறந்துவைத்த கதவு அந்தக் கோடையில் பூட்டப்பட்டது.

சோவியத்துக்குப் பிந்தைய நாடுகளில் ஊழலை ஒரே மூச்சில் வெட்டிய கதைகள் குறைவு. வெட்டி, அது திரும்ப முளைக்காத கதைகள் இன்னும் குறைவு. அதனால் ஜார்ஜியாவின் இந்தத் தேர்வை வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். அது வெற்றிதான். ஆனால் தேர்வைச் சுத்தம் செய்த அதே சட்டம் நாட்டின் சிறுபான்மையினரான ஆர்மேனிய, அஜெரி (அஜர்பைஜானிய) இளைஞர்களைப் பல்கலைக்கழக வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதைச் சரிசெய்ய ஐந்தாண்டு பிடித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

பழைய வழி எப்படி ஓடியது

சோவியத் முறையில் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் நுழைவுத் தேர்வைத் தானே நடத்தும். கேள்வி எடுப்பது, கேட்பது, திருத்துவது, பட்டியல் போடுவது எல்லாமே நிறுவனத்தின் சேர்க்கைக் குழுவின் கையில். வாய்மொழித் தேர்வில் மேசைமேல் ‘பிலெட்’ என்னும் கேள்விச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மாணவர் ஒன்றை எடுத்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சீட்டு எங்கே கிடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது தேர்வே அல்ல. எழுத்துத் தேர்விலும் திருத்துபவருக்குக் கையெழுத்தோ, முதல் பத்தியில் ஒப்புக்கொண்ட ஒரு சொற்றொடரோ போதும்.

இதில் முக்கியப் புள்ளி ‘ரெபெடிட்டர்’, அதாவது வீட்டு டியூஷன் ஆசிரியர். அவர் பெரும்பாலும் அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர், பல நேரம் சேர்க்கைக் குழுவிலேயே இருப்பவர். பெற்றோர் ஆண்டு முழுவதும் கொடுத்த டியூஷன் கட்டணத்தில் ஒரு பங்கு பாடத்துக்கு, மறு பங்கு ஆளுக்கு. எது எவ்வளவு என்று யாரும் பிரித்துக் கேட்டதில்லை. இந்த ஏற்பாட்டின் பலமே அதுதான். கைக்கூலி கொடுத்தோம் என்ற உறுத்தல் பெற்றோருக்கு இல்லை, வாங்கினோம் என்ற உறுத்தல் ஆசிரியருக்கும் இல்லை. பள்ளியில் தங்கப் பதக்கம் வாங்கியவர் ஒரே ஒரு தாள் எழுதினால் போதும் என்றொரு சலுகை இருந்ததால், பேரம் பள்ளியிலேயே தொடங்கிவிடும்.

ஜார்ஜியப் பேச்சு வழக்கில் இதற்குச் ‘சத்ஸ்கோபா’ என்று பெயர். ‘உள்ளே வைத்தல்’ என்பது நேர்ப்பொருள். ஆளை உள்ளே நுழைப்பது என்று விளங்கிக்கொள்ளலாம். லஞ்சத்துக்குக் ‘க்ர்தாமி’ என்று தனிச்சொல் உண்டு, அது அழுக்கான சொல். சத்ஸ்கோபா அப்படியில்லை. தெரிந்தவர் இருந்தும் பிள்ளைக்காகப் பேசாத தகப்பனைத்தான் ஊர் ஏளனம் செய்யும். 1972இல் ஜார்ஜியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு வந்த எதுவார்த் ஷெவர்த்நாட்சே ஊழல் ஒழிப்பை முழங்கித்தான் பேர் வாங்கினார். ஆள் மாறினார்கள், வழி மாறவில்லை.

1991க்குப் பிறகு உள்நாட்டுப் போரும் பொருளாதாரச் சரிவும் வந்தன. பேராசிரியர் சம்பளம் மளிகைக் கடைக்கே காணாது. ஜூலை, ஆகஸ்ட் மாதச் சேர்க்கைப் பருவம் ஆண்டு வருமானமாக மாறியது. சட்டம், மருத்துவம் போன்ற இடங்களுக்குச் சில ஆயிரம் டாலரில் தொடங்கி இருபது, முப்பதாயிரம் வரை விலை போனது. புற்றீசல் போல எழுந்த தனியார் ‘பல்கலைக்கழகங்கள்’ இருநூறைத் தாண்டின. சிலவற்றின் முகவரி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு.

மாற்றிய பாகங்கள்

2003 நவம்பரில் ரோஜாப் புரட்சி: மக்கள் போராட்டம் அதிபர் ஷெவர்த்நாட்சேயைப் பதவியிலிருந்து இறக்கியது. 2004 ஜனவரி தேர்தலில் மிகேய்ல் சாகாஷ்விலி அதிபரானார். போக்குவரத்துக் காவல்துறையை அந்த ஆண்டே மொத்தமாகக் கலைத்த அரசு, அதே வேகத்தோடு கல்விக்கு வந்தது. ஆனால் தேர்வுச் சீர்திருத்தம் புரட்சியன்று பிறந்ததல்ல. உலக வங்கிக் கடன் திட்டத்தின் கீழ் தேசிய மதிப்பீட்டுத் தேர்வு மையம் 2002லேயே உருவாகியிருந்தது. கருவி தயாராக இருந்தது, ஓட்டத் துணிச்சல்தான் இல்லை. 2004 டிசம்பரில் உயர்கல்விச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் காகா லொமாயா. சட்டம் வந்த ஏழாவது மாதம் முதல் தேர்வு நடந்துவிட்டது.

சட்டம் செய்த காரியம் எளிமையானது: சேர்க்கையைப் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து பிடுங்கியது. கேள்வி எடுப்பவர், மேற்பார்ப்பவர், திருத்துபவர், இடம் ஒதுக்குபவர் என்று ஒரே ஆளிடம் இருந்த நான்கு வேலைகளை நான்காக உடைத்தது. தன் துறையில் யார் சேர்ந்திருக்கிறார் என்பது இனி பேராசிரியருக்குப் பட்டியல் வந்த பிறகுதான் தெரியும்.

நடைமுறை இப்படி:

வினாத்தாள் உள்ளூரில் அச்சாகவில்லை. பிரிட்டனில் அச்சிட்டு, முத்திரையிட்ட பெட்டிகளில் விமானத்தில் வந்து, வங்கிப் பெட்டகத்தில் காவலுக்குள் இருந்தது. அச்சகத் தொழிலாளியின் மைத்துனர் என்ற பழைய கசிவு வழி அடைபட்டது.

விடைத்தாளில் பெயர் கிடையாது, பார்கோடு மட்டும்தான். திருத்துபவருக்கு இது யாருடைய தாள் என்று தெரியாது. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. கட்டுரை வினாக்களை இரண்டு பேர் தனித்தனியே திருத்துவார்கள். இருவர் மதிப்பெண்ணும் அதிகம் விலகினால் மூன்றாமவரிடம் போகும். திருத்திய தாளை மாணவர் இணையத்தில் பார்த்து மேல்முறையீடு செய்யலாம்.

ஒரே பாடத்தை வெவ்வேறு நாள், வெவ்வேறு வினாத்தாளில் எழுதுவதால் நேரடி மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது. எனவே அளவுமாற்றம்: மாணவரின் மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) வகுத்து, 15ஆல் பெருக்கி, 150ஐக் கூட்டுவார்கள். 150 என்றால் அந்தத் தாளின் சராசரி மாணவர். கட்-ஆஃப் கணக்கு போட்டே வளர்ந்த நம் ஊர் வாசகருக்கு இது சுலபமாகப் பிடிபடும். ஜார்ஜியப் பெற்றோருக்குப் பிடிபட இரண்டு மூன்று ஆண்டு ஆனது.

மாணவர் தன் விருப்பத் துறைகளை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட வேண்டும். இடத்தை ஒதுக்குவது கணினி.

வெளிநாட்டுப் பார்வையாளர்களை அதிகம் கவர்ந்தது காமிராதான். எங்கள் கணிப்பில் காமிரா பெற்றோரின் நம்பிக்கைக்கு, பேராசிரியரின் லஞ்ச வருமானத்தை அடைத்தது பார்கோடு. காமிரா இல்லாமலும் இந்தத் தேர்வு ஓரளவு சுத்தமாக நடந்திருக்கும்; பார்கோடு இல்லாமல் ஒரு பருவம் தாண்டியிருக்காது. காமிராவை மட்டும் நகலெடுத்துவிட்டுத் திருத்தும் வேலையைப் பழைய இடத்திலேயே விட்டுவைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கட்டாயத் தாள்கள் மூன்று: ஜார்ஜிய மொழியும் இலக்கியமும், அயல்மொழி, பொதுத் திறன். மூன்றாவது சோவியத் பள்ளியில் யாரும் பார்த்திராதது. பாதி சொற்களை வைத்துத் தர்க்கம், பாதி எண்களை வைத்துத் தர்க்கம், பாடப்புத்தகம் கிடையாது. அரசு உதவித்தொகையை இந்தத் தாளின் மதிப்பெண்ணே தீர்மானித்தது. பணம் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் மாணவரோடு நடந்தது. அவர் எங்கே சேர்கிறாரோ அங்கே. மனப்பாடத்தை விற்றுப் பிழைத்த ரெபெடிட்டர்களுக்கு இது முதல் அடி. கூடவே அங்கீகாரச் சோதனை வந்தது, இருநூறைத் தாண்டியிருந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை புதிய மாணவரைச் சேர்க்கும் உரிமையை இழந்தன.

முதல் ஆண்டு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் தலைநகர் திபிலிசியின் பேர் பெற்ற துறைகளில் பணம் கொடுக்காமல் நுழைந்தார்கள். யாரைத் தெரியும் என்ற கேள்விக்கு முதன்முறையாக விலையில்லாமல் போனது.

யாருக்கு மூடிய கதவு

2002 மக்கள்தொகைக் கணக்கின்படி ஜார்ஜியாவில் அஜெரிகள் 6.5 விழுக்காடு, ஆர்மேனியர் 5.7 விழுக்காடு. இவர்கள் நாடெங்கும் சிதறி வாழ்பவர்கள் அல்லர். தெற்கே ஜவாகேட்டி பீடபூமியில் அகல்கலாகி, நினோட்ஸ்மிந்தா இரண்டு வட்டங்களிலும் ஆர்மேனியர்களே மிகப் பெரும்பான்மை. க்வெமோ கார்ட்லியில் மர்னேவுலி போன்ற வட்டங்களில் அஜெரிகள். ஜார்ஜிய மொழி 33 எழுத்துடைய தனி லிபி கொண்டது. ஆர்மேனியத்தோடோ, துருக்கியக் குடும்பத்து அஜெரியோடோ அதற்கு உறவில்லை. அகல்கலாகியில் கடைவீதிக்கு ஆர்மேனியம் போதும், அரசு அலுவலகத்துக்கு ரஷ்யன் போதும். 2007 வரை அங்கே ரஷ்யப் படைத்தளம் இருந்தது; ஊரில் பலருக்கு வேலை கொடுத்ததும் அதுதான், கைமாறியது ரூபிள்தான். ஜார்ஜிய மொழி தெரியாமலே ஒருவர் அங்கே வாழ்ந்து முடித்துவிடலாம்.

பள்ளியும் அப்படியே. சிறுபான்மைப் பள்ளிகளில் பாடநூல்கள் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானிலிருந்தும் அஜர்பைஜான் தலைநகர் பாகூவிலிருந்தும் வந்தன. ஜவாகேட்டிப் பிள்ளை படித்த வரலாறு ஆர்மேனியாவின் வரலாறு. ஜார்ஜிய மொழிப் பாடம் நேர அட்டவணையில் இருந்தது. நடத்துவதற்கு மொழி தெரிந்த ஆசிரியர் இல்லை.

பழைய முறையில் இந்தப் பிள்ளைகள் எப்படிப் பல்கலைக்கழகம் போனார்கள்? சிலர் திபிலிசியின் ரஷ்ய மொழிப் பிரிவுகளில். சிலர் கல்வியியல் நிறுவனத்தில் இருந்த ஆர்மேனிய, அஜெரிப் பிரிவுகளில். பலர் யெரெவானுக்கும் பாகூவுக்கும் மாஸ்கோவுக்கும். மீதிப் பேர் சத்ஸ்கோபா வழியாக. மொழி தெரியாது என்பது பணத்தால் சரிக்கட்டக்கூடிய குறையாக இருந்தது. லஞ்சம் ஏழைக்கு அநீதி செய்தது. மொழி தெரியாதவனிடம் அதுவே இடைத்தரகன் வேலையும் பார்த்தது.

2005இல் இந்த இடைத்தரகன் போய்விட்டான். ஜார்ஜிய மொழியும் இலக்கியமும் எல்லோருக்கும் கட்டாயம். அதே தாள், அதே நேரம். இலக்கியப் பகுதியைப் படித்து ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். இருவர் திருத்துவார்கள், இருவருக்கும் எழுதியவர் ஆர்மேனியர் என்று தெரியாது. பார்கோடு யாரையும் பாகுபடுத்தவில்லை. முதலிரண்டு ஆண்டுகளில் ஆர்மேனிய, அஜெரிப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் எண்ணிவிடக்கூடிய அளவுக்குச் சுருங்கினார்கள். எல்லைக்கு அப்பால் போகும் ஓட்டம் கூடியது.

ஏன் யாருக்கும் இது முன்பே தோன்றவில்லை? தோன்றியது, ஆனால் சொல்லக் கூசினார்கள். 1978 ஏப்ரல் 14 அன்று, குடியரசின் அரசமைப்பிலிருந்து ஜார்ஜிய மொழியின் அரசு மொழித் தகுதியை நீக்க மாஸ்கோ முயன்றபோது, திபிலிசி மாணவர்கள் தெருவில் இறங்கி அதைத் தடுத்தார்கள். இன்றும் அந்த நாள் ஜார்ஜிய மொழி நாள். 1995 அரசமைப்பிலும் ஜார்ஜியமே அரசு மொழி. பிரிந்துபோன அப்காசியா வட்டாரத்துக்கு மட்டும் அப்காஸ் மொழியும் உண்டு. ஐரோப்பிய மன்றத்தில் 1999இல் சேரும்போது வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான சாசனத்தை ஏற்பதாக ஜார்ஜியா வாக்குக் கொடுத்தது, இதுவரை ஏற்கவில்லை. ஏற்கெனவே அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் கைநழுவவிட்ட நாடு, மூன்றாவதாக ஒரு வட்டாரத்துக்கு மொழி உரிமை என்ற பேச்சைப் பிரிவினையின் முதல் படியாகவே பார்த்தது. 2005இல் அகல்கலாகியில் நடந்த ஆர்ப்பாட்டங்களைத் திபிலிசி அந்தக் கண்ணோடுதான் பார்த்தது.

சாகாஷ்விலி அரசின் கொள்கை அறிக்கைகள் இனம் பார்க்காத குடியுரிமைத் தேசியத்தைப் பேசின. தேர்வுத் தாள் பேசியது வேறு: நீ யாராக இருந்தாலும் சரி, ஜார்ஜிய மொழியில் எழுது. கொள்கையளவில் இதில் தவறு காண்பது கடினம். பள்ளியில் மொழியைக் கற்றுத்தராமல் வாசலில் அதைக் கேட்டதுதான் கோளாறு. வரிசை தலைகீழாகிவிட்டது.

ஒட்டுப்போட முயற்சிகள் நடந்தன. ஆயத்த வகுப்புகள் வைத்தார்கள். சிறுபான்மை அலுவலர்களுக்கு மொழி கற்றுத்தரக் குட்டாய்சியில் மறைந்த பிரதமர் சுராப் ஷ்வானியாவின் பெயரில் ஒரு நிர்வாகப் பள்ளி திறந்தார்கள். பொதுத் திறன் தாளை ரஷ்யனில் எழுத அனுமதி இருந்தது. 2005 பொதுக்கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளியிலும் வரலாறு, புவியியல் பாடங்களை ஜார்ஜியத்தில் நடத்தச் சொன்னது. நடத்தத்தான் ஆளில்லை. எதுவும் முட்டுக்கட்டையை நகர்த்தவில்லை, ஏனென்றால் முட்டுக்கட்டை ஒரே ஒரு தாள்: ஜார்ஜிய மொழியும் இலக்கியமும்.

ஒன்று கூட்டல் நான்கு

2010இல் அந்தத் தாளையே விலக்கினார்கள். புதிய விதிப்படி சிறுபான்மை மாணவர் பொதுத் திறன் தாள் ஒன்றை மட்டும் எழுதினால் போதும், அதுவும் ஆர்மேனியம், அஜெரி போன்ற தன் மொழியில். தேறினால் பல்கலைக்கழகம் முதல் ஓராண்டு, 60 கிரெடிட் அளவுக்கு ஜார்ஜிய மொழி மட்டும் கற்றுத்தரும். பிறகு தான் தேர்ந்த துறையில் நான்காண்டு இளங்கலை. ‘1+4’ என்றே ஊரில் பெயர். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இடங்களில் ஆர்மேனிய மொழித் தாள் எழுதியவர்களுக்கு 5 விழுக்காடு, அஜெரிக்கு 5, அப்காஸ், ஒசேத்திய மொழிகளுக்குத் தலா 1 விழுக்காடு ஒதுக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒதுக்கீடு இனத்துக்கு அல்ல, தேர்வெழுதிய மொழிக்கு. சாதிச் சான்றிதழ் போல யாரும் எதையும் காட்ட வேண்டியதில்லை. திபிலிசியில் ஜார்ஜியப் பள்ளியில் படித்த ஆர்மேனியர் பொது வழியில் போகலாம். ‘நீ யார்’ என்று கேட்காமல் ‘எந்த மொழியில் எழுதுகிறாய்’ என்று மட்டும் கேட்டதால், தேசியப் பேச்சு சூடேறாமல் சட்டம் நிறைவேறியது. இனவாரி ஒதுக்கீடு என்று முன்வைத்திருந்தால் நாடாளுமன்றம் தாண்டியிருக்குமா என்பது எங்களுக்குச் சந்தேகமே.

முதல் ஆண்டு சேர்ந்தவர்கள் முந்நூறுக்கும் குறைவு. 2017 வாக்கில் ஆண்டுக்கு ஆயிரத்தை எட்டினார்கள்.

சிக்கல்கள் வேறு இடத்தில் வெடித்தன. ஓராண்டில் அன்றாடப் பேச்சு வரும்; சட்ட நூல் படிக்கும் மொழி வராது. ஜார்ஜிய எழுத்தே அறியாத நிலையில் தொடங்குபவரும், வீட்டில் ஓரளவு பேசுபவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் இருவரும் கெடுவார்கள். ஆயத்த ஆண்டில் கூட இருப்பவர்கள் எல்லோரும் சொந்த ஊர்க்காரர்கள், தங்குவதும் அவர்களோடு. வகுப்பு முடிந்த நொடி பேச்சு தாய்மொழிக்குத் திரும்பிவிடும். இரண்டாம் ஆண்டில் திடீரென்று ஜார்ஜிய மாணவர்களோடு பொருளாதாரமோ மருத்துவமோ. படிப்பை விடுபவர்களில் பலர் விழுவது அந்தப் படியில்தான்.

வினாத்தாளிலும் வில்லங்கம். எண் பகுதியை மொழிபெயர்த்துவிடலாம். சொல் பகுதியில் ‘இதற்கு அது போல, எதற்கு எது’ என்ற வகை வினாவை மொழிபெயர்த்தால் கடினத்தன்மையே மாறிவிடும்: ஜார்ஜியத்தில் எளிய ஜோடி ஆர்மேனியத்தில் அகராதிச் சொல்லாகிவிடும். அதனால் மொழிபெயர்க்காமல் ஒவ்வொரு மொழியிலும் புதிதாக ஆக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஆக்கத் தெரிந்தவர்கள் அந்த மொழிகளில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

ரெபெடிட்டர் போன இடம்

அவர் எங்கும் போகவில்லை, சரக்கை மாற்றிக்கொண்டார். முன்பு விற்றது அனுமதி, இப்போது விற்பது பயிற்சி. பொதுத் திறனுக்குப் புத்தகம் இல்லை என்று நினைத்தது ஓரிரு ஆண்டுதான். பழைய வினாத்தாள்களை வைத்துச் சந்தை எழுந்தது. நகரத்துக் குடும்பங்கள் டியூஷனுக்குக் கொட்டும் பணம் குறையவில்லை. கடைசி வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதை விட்டுவிட்டு டியூஷனுக்கு ஓடினார்கள். ஆசிரியர்களும் கண்டுகொள்ளாமல் வருகை போட்டார்கள். பழைய சத்ஸ்கோபாவின் மிச்சம் அந்த வருகைப் பதிவேட்டில் ஒதுங்கியது என்று சொல்லலாம்.

இதைத் தடுக்க 2011இல் பள்ளியிறுதித் தேர்வைக் கணினி வழிக்கு மாற்றினார்கள். மாணவரின் பதிலுக்கேற்ப அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ வரும் வகை. எட்டுப் பாடம். நோக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்புவது. நடந்தது எட்டுப் பாடத்துக்கும் டியூஷன். 2019இல் அதை ஒழித்தார்கள். 2020 முதல் பொது வழியில் பொதுத் திறன் தாளும் கட்டாயமில்லை என்றானது. ரெபெடிட்டருக்கு முதல் அடி கொடுத்த தாள் அதுதான் என்பது பலருக்கு மறந்துபோயிருந்தது. 1+4 வழியில் வருபவர்களுக்கு மட்டும் அது இன்றும் ஒரே வாசல்.

அந்த வழியில் படித்து முடித்தவர்களை 2017 முதல் அரசு அலுவலகங்களில் பயிற்சிப் பணிக்கு எடுக்கிறார்கள். சிலர் சொந்த வட்டாரப் பள்ளிகளுக்கே இருமொழித் துணை ஆசிரியராகத் திரும்புகிறார்கள். நேர அட்டவணையில் மட்டும் இருந்த அந்த ஜார்ஜிய மொழிப் பாடத்தை நடத்த.